புதுக் குடிநீர்க் கட்டணம் வருமுன் மொத்தமாகக் கட்டிவிடலாமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் சொந்த வீடு. மாநகராட்சி குடிநீர்க் கட்டணத்தை மாற்றப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. இப்போதே மூன்று வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் பழைய கட்டணமே நிற்கும், பணத்தைக் கொடுங்கள், முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் வீடு தேடி வந்தார். இணைப்பு காலமான அப்பா பெயரில் இருக்கிறது. முன்னறையில் தங்கை தையல் கடை வைத்திருக்கிறாள். என்ன செய்வது?

பதில்: அந்த ஆளிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பேச்சு அடிபடுவதால் கட்டணம் மாறிவிடாது. மாமன்றக் கூட்டத்தில் பொருள் வைத்து, தீர்மானம் நிறைவேற்றி, எந்த அரையாண்டிலிருந்து அமல் என்று அறிவிக்க வேண்டும். 2022-இல் சொத்துவரி உயர்ந்ததும் மன்றத் தீர்மானம், ஆட்சேபனை கேட்கும் அறிவிப்பு என்ற வழியில்தான். அதுவரை பழைய கட்டணம். முன்கூட்டிக் கட்டும் பணம் உங்கள் கணக்கில் வரவாக நிற்கும், அவ்வளவுதான். புதுக் கட்டணம் வந்தால் மிச்சத்தைக் கேட்கத்தான் செய்வார்கள். பழைய பாக்கி இருந்தால் மட்டும் உடனே கட்டிவிடுங்கள்.

கட்டணப் பேச்சு கிளம்பும்போதெல்லாம் இந்த ஆட்களும் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் தரும் சீட்டைப் பாருங்கள். புத்தகத்திலிருந்து கிழித்த தாள், மேலே ஒரு வட்ட முத்திரை, கீழே கிறுக்கல் கையெழுத்து. இணைப்பு எண்ணும் இருக்காது, எந்த அரையாண்டுக்கு என்பதும் இருக்காது. இவை இரண்டும் அச்சாகாத எதுவும் ரசீது ஆகாது. மண்டல அலுவலக வசூல் மையத்தில் நேரில் கட்டுங்கள், இல்லையென்றால் இணையத்தில் கட்டுங்கள். பிறகு உங்கள் கணக்கைத் திறந்து வரவு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். 'மீட்டர் வரப்போகிறது, உங்கள் வீட்டுக்கு வராமல் பார்த்துக்கொள்கிறேன்' என்பது இவர்களின் அடுத்த வலை. மீட்டருக்கு ஏன் பயப்பட வேண்டும்? ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நகரங்களுக்கான அளவுகோல். நான்கு பேருக்கு 540 லிட்டர், மாதம் சுமார் 16,000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு இவ்வளவு என்று அறிவித்தால் பதினாறால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

அப்பா பெயரில் இருப்பதால் கட்டணம் கூடாது. ஆனால் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் வைத்து முதலில் சொத்துவரியில் மாற்றுங்கள், பிறகு குடிநீரில். ஒரே வீடு, ஒரே கதவிலக்கம், ஒரே மாநகராட்சி. இதற்கு ஏன் இரண்டு மனு, இரண்டு மேஜை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இந்த அலைச்சல்தான் இடைத்தரகருக்குச் சோறு போடுகிறது.

தங்கையின் கடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பலர் ஏமாறுவது இங்கேதான். 'கடை இருக்கிறது, வீடு முழுக்க வணிக இணைப்பாகிவிடும்' என்று பயமுறுத்தித்தான் பணம் பறிக்கிறார்கள். சொத்துவரி ரசீதை எடுத்து, பயன்பாடு என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். குடியிருப்பு என்றே இருந்து, முன்னறைக்குத் தனிக் குழாயும் இல்லையென்றால், குடிநீருக்கு மட்டும் வணிகக் கட்டணம் கேட்பவரிடம் எழுத்தில் காரணம் கேளுங்கள். முன்னறையை ஏற்கெனவே வணிகம் என்று பிரித்து வரி போட்டிருந்தால், அந்தப் பகுதியை வைத்துக் கேள்வி வரலாம். அப்போதும் தண்ணீர் சமையலுக்கும் குளியலுக்கும்தான் போகிறது, தையலுக்கு இல்லை என்று மனுவில் எழுதி, வீட்டை நேரில் பார்க்கச் சொல்லுங்கள். இதே முன்னறையில் இட்லிக்கடையோ டீக்கடையோ இருந்தால் இந்த வாதம் நிற்காது. அங்கே தண்ணீரே வியாபாரப் பொருள். தனி இணைப்பு வாங்கிக்கொள்வதுதான் நல்லது.

தாமிரபரணி நம் ஊர் வழியாகவே ஓடுகிறது. அப்படியிருக்க எதற்குக் கட்டண உயர்வு என்று நீங்கள் கேட்டால் அது நியாயம்தான். ஆற்று உறைகிணற்றிலிருந்து மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் மின்கட்டணமே பெரிய செலவு, மறுக்கவில்லை. ஆனால் குழாய் உடைந்து தெருவில் ஓடும் தண்ணீரையும் சேர்த்துத்தானே மின்சாரம் ஏற்றுகிறது? அந்தக் கணக்கை மன்றத்தில் வைக்காமல் கட்டணத்தை மட்டும் வைப்பது சரியல்ல.

இதை உங்கள் வார்டு கவுன்சிலரிடம் சொல்லுங்கள். ஆணையருக்கு எழுத்தில் ஆட்சேபனை கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனு போட்டு, வரவு செலவுக் கணக்கும் தீர்மான நகலும் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.