கரும்பு பூக்கும் மாதமும் கார்த்திகைத் தீபமும்

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து எழுதியிருக்கும் தாய்க்கு வணக்கம்.

உங்கள் மகள் வேளாண்மை இளநிலைப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறார் என்றும், வங்கியின் வேளாண் அலுவலர் தேர்வுக்குப் படிக்கச் சொன்னால் மறுத்து, மரபியல் மற்றும் பயிர் இனப்பெருக்கப் பாடத்தில் முதுநிலை சேரவே பிடிவாதமாக இருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். சம்பளத்தைப் பற்றி ஒரே வரி கேட்டுவிட்டு, ஆராய்ச்சி என்று போகும் பெண் குடும்பத்தையும் குலதெய்வத்தையும் மறந்துவிடுவாரோ என்ற கவலைக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். எனவே நானும் அந்தக் கவலையிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் தெருவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்த கரும்பு இனப்பெருக்க வல்லுநர் ஒருவர் சென்ற ஆடியில் காலமானார். தம் பெயர் வெளியில் வருவதை விரும்பாதவர் என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். கருமாதி முடிந்த மறுநாள் அவருடைய மகன் ஒரு பழைய களக் குறிப்பேட்டை என்னிடம் காட்டினார். அதில் ஒரு நவம்பர் மாதப் பக்கத்தில், எந்தப் பூங்கதிர்மீது எந்த ரகத்தின் மகரந்தம் தூவப்பட்டது என்ற எண்களுக்குப் பக்கத்திலேயே, பென்சிலால் இப்படி எழுதியிருந்தது: "பாப்பாவுக்குக் காதுகுத்து, வியாழன் பத்தரைக்கு மேல். காலைத் தூவலை முடித்துவிட்டுப் போகலாம்."

அந்த வரியின் பொருள் விளங்க வேண்டுமானால், அத்தொழிலின் நாள்முறையைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். கோவையில் கரும்பு ஐப்பசி, கார்த்திகையில் பூக்கிறது. பொழுது விடியும் நேரத்தில் மகரந்தப்பைகள் வெடிக்கும். அந்த மகரந்தம் சிறிது நேரத்திலேயே உயிர்ப்பை இழந்துவிடும். ஆகையால் அயல் மகரந்தம் சேராமல் துணிக்கூடு கட்டி வைத்த பெண் கதிரின்மீது, ஆண் கதிரை அந்த விடியற்காலையிலேயே உதறிவிட வேண்டும். பூவுக்குத் தீபாவளியும் தெரியாது, ஞாயிற்றுக்கிழமையும் தெரியாது. ஆனால் அந்த வேலை காலை உணவுக்கு முன்பே முடிந்துவிடும். அவர் கோவையை ஒட்டிய வீரகேரளத்துக் கரும்பு ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து நேரே பேரூருக்குப் போய்ப் பட்டீசுவரரை வணங்கிவிட்டு வீடு திரும்பி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதை நானே பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். கார்த்திகைத் தீபத்தன்று மாலையில் அவர் வீட்டுத் திண்ணையில் விளக்கு வரிசை ஒரு முறையும் தவறியதில்லை. பூப்பருவம் முடிந்து தை பிறந்ததும் பழனிக்குப் பாதயாத்திரை போவார். கவுந்தப்பாடியில் விற்பனையாகும் நாட்டுச்சர்க்கரையைப் பழனிக் கோயில் பஞ்சாமிர்தத்துக்கு வாங்குவது உங்களுக்குத் தெரிந்ததுதான். பஞ்சாமிர்த டப்பாவை எங்களிடம் நீட்டும்போது, "இதில் எங்கள் வேலையும் கொஞ்சம் இருக்கிறது" என்று சிரிப்பார். அதற்கு மேல் தம் பணியைப் பற்றிப் பேசமாட்டார்.

இழப்பே இல்லை என்றும் சொல்லமாட்டேன். கோவைக் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்துக்கு ஹரியானாவின் கர்னாலிலும் கேரளத்தின் கண்ணூரிலும் மையங்கள் உண்டு. அவர் சில ஆண்டுகள் கர்னாலில் இருந்தபோது, உடன்பிறந்தவனாக நின்று செய்யவேண்டிய தங்கையின் எழுதிங்கள் சீர் என்ற கொங்கு நாட்டுச் சடங்கை இரண்டு மாதம் தள்ளிவைக்க நேர்ந்தது. சம்பந்தி வீட்டார் முகம் சுளித்ததை அவர் கடைசிவரை மறக்கவில்லை. இத்தகைய இடமாற்றம் உங்கள் மகளுக்கும் வரலாம். திருமணப் பேச்சு எழும்போதே மாப்பிள்ளை வீட்டாரிடம் அதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. பூவைவிட இடமாற்றத்துக்குத்தான் நீங்கள் அஞ்ச வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. இத்தொழிலில் பலன் மிகத் தாமதமாக வரும். கோவை நிறுவனம் 1912-இல் தொடங்கப்பட்டது. அதன் தொடக்ககால அறிவியலாளர்களான பார்பரும் வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற நம் கரும்பைக் காட்டுக்கரும்போடு கலந்து உருவாக்கிய கோ 205 என்ற ரகம் ('கோ' என்பது கோயம்புத்தூர்) வட இந்திய உழவர்களிடம் போய்ச் சேர்ந்தது 1918-இல். அது விரைவு என்றே சொல்லவேண்டும். உங்கள் தந்தையார் தோட்டத்திலும் ஒருவேளை நிற்கக்கூடிய கோ 86032-இன் எண்ணிலுள்ள முதல் இரண்டு இலக்கம் அந்த எண் தரப்பட்ட 1986-ஆம் ஆண்டைக் குறிக்கிறது; சாகுபடிக்கு வெளியிடப்பட்டதோ 2000-இல். ஆயிரக்கணக்கான நாற்றுகளில் பெரும்பாலானவற்றைக் கழித்து, எஞ்சியவற்றை நடவுக்கரும்பாகவும், வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும் மறுதாம்பாகவும் பல ஊர்களில் சோதித்து, கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்குள் கலப்பு செய்தவர் ஓய்வு பெற்றுவிடவும் கூடும். ரகத்துக்கு எண் இருக்குமே தவிர அவர் பெயர் இராது. உடனே மதிப்பெண்ணும் பாராட்டும் கிடைத்துப் பழகிய நல்ல மாணவர்கள்தான் இங்கே முதலில் சோர்ந்துபோகிறார்கள் என்பது என் அனுபவம். உங்கள் மகளிடம் நீங்கள் கேட்டறிய வேண்டியது இந்தப் பொறுமையைப் பற்றித்தான். பக்தியைப் பற்றி அன்று.

சம்பளத்துக்கு வருகிறேன். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதுநிலை நுழைவுத் தேர்வில் நல்ல தரவரிசை பெற்றால் உதவித்தொகையுடன் படிக்கலாம். பின்னர் முனைவர் பட்டம் முடித்து, வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியத்தின் தேர்வில் வென்றால், தொடக்க அடிப்படை ஊதியம் மாதம் 57,700 ரூபாய். அது கிட்டாதவர்களுக்கு மக்காச்சோளம், பருத்தி, காய்கறி வீரிய ஒட்டு விதை நிறுவனங்களில் வேலை உண்டு. வங்கித் தேர்வையும் ஒரு முறை எழுதி வைக்கட்டும், அதில் தவறில்லை.

முடிவு செய்யும் முன், வரும் கார்த்திகையில் தம் பேராசிரியர் வழியாக அனுமதி பெற்று, ஒரு வாரம் விடியற்காலைக் கலப்புப் பணியில் உடன் நிற்க உங்கள் மகளிடம் சொல்லுங்கள். அனுமதி கிடைத்தால் கடைசி நாளில் நீங்களும் போங்கள், கரும்பு விளைவிக்கும் அவருடைய அப்புச்சியையும் அழைத்துச் செல்லுங்கள். துணிக்கூடு கட்டிய கரும்பைப் பார்த்தால் அந்தப் பெரியவர் கேள்வி கேட்காமல் இருக்கமாட்டார். பேத்தி எப்படிப் பதில் சொல்கிறார் என்பதைப் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். எந்தப் பாடத்தை எடுப்பது என்பதைப் பற்றி அப்போது பேசுவோம்.