கணக்கைக் கீழ்ப்படியிலிருந்து தொடங்க வேண்டுமா?

அன்புள்ள தங்கைக்கு,

பிளஸ் டூ முடித்துப் பதினோரு ஆண்டுகள் ஆன நிலையில் கிரீன் கார்டில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே வந்திருக்கும் நீங்கள், நர்சிங்கை நோக்கிக் கம்யூனிட்டி காலேஜில், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இரண்டாண்டுக் கல்லூரியில், சேரும்போது கணக்கை அடிமட்ட வகுப்பிலிருந்து தொடங்குவதுதானே பாதுகாப்பு என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பதே என் பதில்.

2013-இல் நானும் அப்படித்தான் நம்பினேன். சேர்ந்த அன்றே கணினி முன் உட்காரவைத்து ஒரு தேர்வு நடத்தினார்கள். ஊரில் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கிய எனக்கு அன்று பின்னமே மறந்துபோயிருந்ததால், தொடக்க அல்ஜீப்ராவில் போட்டார்கள். யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் கிரெடிட்) 46 டாலர் கட்டி இரண்டு செமஸ்டர் படித்தேன். பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது அதில் ஒரு யூனிட்டைக்கூட அங்கே ஏற்கவில்லை. என்னோடு தொடங்கிய பலர் புள்ளியியல் வகுப்பு வரை வரவே இல்லை. அவர்கள் மந்தமானவர்கள் அல்லர். ஒவ்வொரு வகுப்பிலும் நூற்றுக்கு எழுபது பேர் தேறுவதாக வைத்துக்கொண்டாலும், புள்ளியியலோடு சேர்த்து மூன்று வகுப்பைத் தாண்டுவதற்குள் 100 பேர் 34 ஆகிவிடுவார்கள். வேலை நேரம் மாறியதாலோ பிள்ளை பிறந்ததாலோ இடையில் நின்றவர்கள் இந்தக் கணக்கில் வரவில்லை.

இந்த ஒழுக்கை அடைக்கத்தான் கலிஃபோர்னியா 2017-இல் ஏ.பி. 705 சட்டத்தை இயற்றியது. பல்கலைக்கழகம் ஏற்கும் கணக்கு வகுப்பை ஓராண்டுக்குள் முடிக்கும் வாய்ப்பு மிகுதியாகும்படி மாணவரைச் சேர்க்க வேண்டும், அதற்குப் பள்ளி மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டும் என்கிறது அது. நம்மைப்போல் வெளிநாட்டில் படித்ததால் பள்ளிப் பதிவு கிடைக்காதவர்கள், கல்லூரியின் வழிகாட்டலோடு தாங்களே வகுப்பைத் தேர்ந்துகொள்ளும் முறையும் உண்டு. 2022-இல் வந்த ஏ.பி. 1705 இதை மேலும் இறுக்கியது. இதனால் அல்ஜீப்ரா பலவீனமானவர்களை நேரே கால்குலஸில் உட்காரவைப்பதை எதிர்க்கும் ஆசிரியர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் நர்சிங்குக்குப் பெரும்பாலும் கேட்பது புள்ளியியல்தான், அதற்கு அந்த அச்சம் பொருந்தாது.

ஆகவே கோரிக்விசிட் எனப்படும் துணை வகுப்போடு இணைந்த புள்ளியியல் பிரிவில் சேருங்கள். அதே வாரத்துப் பாடத்துக்கு எந்த அல்ஜீப்ரா வேண்டுமோ அதை மட்டும் அங்கே கற்றுத்தருவார்கள். மாலையில் நான் வேலை பார்க்கும் கணக்கு டியூட்டரிங் அறையில் ஒரு மாணவி, 0.5 கிராம் மருந்துக்கு 250 மில்லிகிராம் மாத்திரை எத்தனை என்ற கேள்விக்கு, 250-ஐ 0.5-ஆல் வகுத்து 500 மாத்திரை என்று எழுதியிருந்தார். வகுத்தலில் பிழையே இல்லை. அவரை மறுபடி தசமப் பாடத்துக்கு அனுப்பி என்ன பயன்? 0.5 கிராமை முதலில் 500 மில்லிகிராம் என்று எழுதி, பின்னத்தின் மேலேயும் கீழேயும் வரும் ஒரே அலகை அடித்துவிடச் சொன்னேன். சிரித்துக்கொண்டே 2 என்று திருத்தினார். பின்னால் வரும் வேதியியலில் மோல் கணக்கும் இதே அலகு அடிக்கும் வேலைதான்.

நமக்குத் தடுமாற்றம் பெயர்களில்தான் வரும். மீப்பெரு பொது வகுத்திக்கு நாம் சொல்லும் எச்.சி.எஃப். இங்கே ஜி.சி.எஃப்., கூட்டல் பெருக்கலில் எதை முதலில் செய்வது என்ற பாட்மாஸ் விதி இங்கே பெம்டாஸ். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

பதிவுக்குப் போகும்போது பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலைக் கொண்டுபோங்கள். ஆலோசகர் கீழ் வகுப்பைச் சொன்னால், துணை வகுப்போடு கூடிய புள்ளியியலில் இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.