ஜார் உள்ளேதான் இருக்கிறது, பீனுக்குத்தான் தெரியவில்லை

கேள்வி: எங்கள் பில்லிங் மென்பொருள் வைல்ட்ஃப்ளை என்ற ஜாவா சர்வரில் ஒரே இயர் ஃபைலாக (முழு அப்ளிகேஷனையும் கட்டிய பொதி) ஓடுகிறது. உள்ளே ஒரு வார் (வெப் பகுதி), ஒரு ஈஜேபி ஜார் (பிசினஸ் வேலைகளைச் செய்யும் 'பீன்' கிளாஸ்கள் உள்ள பொதி). எக்செல் ரிப்போர்ட் எடுக்கும் கோடு முதலில் வாரில் உள்ள சர்வ்லெட்டிலேயே (வெப் கோரிக்கைக்குப் பதில் தரும் கிளாஸ்) இருந்தது, சிக்கல் இல்லை. அதை பீனுக்கு மாற்றினேன். கம்பைல் ஆகிறது, டிப்ளாய் ஆகிறது, பட்டனை அழுத்தினால் மட்டும் 'நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர்'. எக்செல் ஃபைல்களைக் கையாளும் அப்பாச்சி பிஓஐ லைப்ரரியின் ஜார்கள் வாரின் வெப்-இன்ஃப் லிப்பில் அப்படியே இருக்கின்றன. பிறகு ஏன்?

பதில்: ஜார் எங்கே இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, அந்த கிளாஸைக் கேட்டது யார் என்று பாருங்கள். உங்கள் லாக்கிலேயே அது எழுதியிருக்கும். ஸ்டாக் ட்ரேஸின் (எரர் வந்த வழியைக் காட்டும் பட்டியல்) முதல் வரியோடு நிற்காமல் 'காஸ்ட் பை' வரிக்கு இறங்குங்கள். அங்கே 'கிளாஸ்நாட்ஃபவுண்ட்எக்ஸெப்ஷன்', அதையடுத்து பிஓஐயின் எக்ஸ்எஸ்எஸ்எஃப்ஒர்க்புக் கிளாஸின் முழுப் பெயர், பிறகு 'ஃப்ரம்' என்று போட்டு சதுர அடைப்புக்குள் ஒரு மாட்யூல் பெயர் இருக்கும். பலரும் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போவது அந்த அடைப்பைத்தான். அதில் உங்கள் ஈஜேபி ஜாரின் பெயர் இருக்கும், வாரின் பெயர் இருக்காது.

வைல்ட்ஃப்ளையில் இயருக்குள் இருக்கும் ஒவ்வொரு வாரும் ஒவ்வொரு ஈஜேபி ஜாரும் தனித்தனி மாட்யூல். ஒவ்வொன்றுக்கும் தனி கிளாஸ்லோடர் (கிளாஸ்களைத் தேடி ஏற்றும் பகுதி). வழக்கமான அமைப்பில், வாரில் இருக்கும் கோடு ஈஜேபி ஜாரின் கிளாஸ்களைப் பார்க்கும். பீனோ வாருக்குள் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. இது ஒருவழிப் பாதை. மாட்யூல்களைத் தனிமைப்படுத்தும் செட்டிங்கை நீங்கள் எப்படி மாற்றினாலும் பீனுக்கு வாரின் உள்ளே தெரியாது. சர்வ்லெட்டில் ஓடிய அதே வரி பீனில் விழுந்ததற்கு இதுதான் காரணம். நீங்கள் கோடு எழுதும் ஐடிஇ இந்தத் தடுப்புச்சுவர்களைக் கண்டுகொள்வதில்லை. கம்பைல் செய்யும்போது ஜார் கிளாஸ்பாத்தில் இருந்தால் அதற்குப் போதும்.

எனவே பிஓஐ ஜார்களை இயரின் மேல்தட்டில் இருக்கும் லிப் ஃபோல்டருக்குக் கொண்டுபோங்கள். ஜாவா ஈஈ 5 முதல் அந்த ஃபோல்டரில் இருப்பது இயரின் எல்லாப் பகுதிகளுக்கும் பொது. கையால் நகர்த்த வேண்டாம், பில்ட் கருவியான மாவனையே செய்ய விடுங்கள். ஈஜேபி ப்ராஜெக்ட்டின் பாமில் (மாவனின் செட்டிங் ஃபைல்) பிஓஐக்கு 'ப்ரொவைடட்' ஸ்கோப் போட்டிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். 'சர்வர் கொடுத்துக்கொள்ளும்' என்பது அதற்குப் பொருள். வைல்ட்ஃப்ளை உங்களுக்கு பிஓஐ கொடுக்காது. இயர் ப்ளகினில் 'டிஃபால்ட்லிப்பண்டில்டிர்' மதிப்பை லிப் என்றும், 'ஸ்கின்னிவார்ஸ்' (வாரிலிருந்து பொது ஜார்களை எடுத்துவிடுவது) மதிப்பை ட்ரூ என்றும் வையுங்கள்.

கையால் ஒரே ஒரு ஜாரை நகர்த்துபவர்களுக்கு அடுத்த எரர் காத்திருக்கும்: 'எக்ஸ்எம்எல்ஆப்ஜெக்ட்' கிளாஸ் இல்லை என்று. பிஓஐ-ஓஓஎக்ஸ்எம்எல் ஜாருக்கு எக்ஸ்எம்எல்பீன்ஸ் என்ற இன்னொரு லைப்ரரி வேண்டும். அது வாரிலேயே தங்கிவிட்டால் இயர் லிப்பில் இருப்பவருக்கும் அது தெரியாது. போனால் குடும்பத்தோடு போக வேண்டும்.

இரண்டு இடத்திலும் ஒரு பிரதி இருக்கட்டும் என்று விட்டுவிடவும் கூடாது. ஒரே பெயருள்ள கிளாஸ் இரண்டு லோடர்களில் ஏறினால், ஜாவா கோடை ஓட்டும் ஜேவிஎம்முக்கு அவை இரண்டு வெவ்வேறு கிளாஸ்கள். பீன் கொடுத்த ஒர்க்புக்கை சர்வ்லெட் வாங்கும்போது, 'இதை இதாக மாற்ற முடியாது' என்று இருபுறமும் ஒரே பெயரைப் போட்டுத் திட்டும் கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷன் வரலாம். பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

எந்தப் பிரதி ஏறியது என்று தெரியாவிட்டால், ஜாவா 9 முதலான பதிப்புகளில் எக்ஸ்லாக் ஆப்ஷனில் 'கிளாஸ்+லோட்' கொடுத்து சர்வரை ஏற்றுங்கள். ஒவ்வொரு கிளாஸும் எங்கிருந்து வந்தது என்று அச்சாகும். லாக் ஊதிப்போகும், டெஸ்ட் சர்வரில் மட்டும் செய்யுங்கள்.

எரரின் பெயர் இதுவாகவே இருந்தும் கூடவே 'குட் நாட் இனிஷியலைஸ் கிளாஸ்' என்று வந்தால் கதை வேறு. அங்கே கிளாஸ் கிடைத்துவிட்டது, அதன் ஸ்டாட்டிக் ப்ளாக் (கிளாஸின் தொடக்கக் கோடு) முதல் முறையே விழுந்திருக்கிறது. லாக்கில் மேலே போய் முதலில் வந்த 'எக்ஸெப்ஷன்இன்இனிஷியலைஸர்எரர்' வரியைத் தேடுங்கள்.

நாளை பீனைத் தனி சர்வருக்கு மாற்றி ரிமோட்டாக அழைக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்றை இப்போதே செய்துவிடுங்கள். இன்டர்ஃபேஸ், டிடிஓ (தகவலைச் சுமந்து செல்லும் கிளாஸ்), பீன் வீசும் எக்ஸெப்ஷன்கள் ஆகியவற்றை ஒரு சிறு ஏபிஐ ஜாரில் பிரித்து இருபுறமும் வையுங்கள். பீனில் டேட்டாபேஸ் லைப்ரரியான ஹைபர்னேட்டின் எக்ஸெப்ஷன் ஒன்று நழுவி அப்படியே வெளியே போனால், அந்த கிளாஸ் இல்லாத அழைக்கும் பக்கத்தில் அதைப் பிரிக்க முடியாமல் கிளாஸ்நாட்ஃபவுண்ட் எரர்தான் வரும். உண்மையான கோளாறு டேட்டாபேஸில் இருக்க, நீங்கள் ஜார் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

காணாமல் போன கிளாஸின் பெயர் 'ஜாவாஎக்ஸ்/சர்வ்லெட்' என்று தொடங்கினால் மேலே சொன்ன எதுவும் உதவாது. டாம்கேட் 10, வைல்ட்ஃப்ளை 27 முதல் அந்தப் பெயர் 'ஜகார்த்தா' ஆகிவிட்டது. பழைய சர்வ்லெட் ஜாரைத் தேடி உள்ளே திணிக்காமல் கோடின் இம்போர்ட்களையும், அதைச் சார்ந்த லைப்ரரிகளின் பதிப்புகளையும் மாற்றுங்கள்.