தொழில்முறைப் பின்கள வீரராக வாழ்வது எப்படிப்பட்டது?

தங்கள் கேள்வியின் சாரம் இது: பதினைந்து வயது மகன் திருகோணமலையில் பாடசாலை அணிக்குப் பின்களத்தில் ஆடுகிறான், உதைபந்தாட்டத்தையே தொழிலாகக் கொள்ள விரும்புகிறான், அந்தத் தொழில் எத்தகையது, முன்களத்தில் ஆடுபவரின் வாழ்க்கையிலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது? நான் இந்நகரில் பாடசாலைக்கும் பின்னர் ஒரு கழகத்துக்கும் நடுப் பின்களத்தில் ஆடியவன். தொழில்முறையாக ஆடவில்லை. இப்போது மாலை வேளைகளில் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அந்த அனுபவத்தையும் பல ஆண்டுகளாகப் பார்த்தும் படித்தும் வந்தவற்றையும் வைத்து எழுதுகிறேன்.

பின்கள வீரரின் தொழில் பிந்தித் தொடங்கிப் பிந்தி முடிகிறது. அவரை உருவாக்குவது பயிற்சியைவிடவும் ஆட்டங்களே. முன்கள வீரர் ஒருவர் பதினெட்டு வயதில் தம் வேகத்தாலும் துணிச்சலாலும் உலகின் கண்ணில் பட்டுவிடலாம். அவர் ஐந்து வாய்ப்புகளை வீணாக்கி ஆறாவதில் கோல் அடித்தால் அன்றைய நாயகன் அவரே. பின்கள வீரரோ எண்பத்தொன்பது நிமிடங்கள் பிசகின்றி ஆடி, ஒரு கணம் தம் முதுகுக்குப் பின்னால் ஓடியவரைக் கவனிக்காது விட்டால், அந்த ஒரு கணத்துக்காகவே நினைவுகூரப்படுவார். ஆதலால் இருபது வயதுக்கு உட்பட்ட ஒருவரைப் பின்களத்தின் நடுவில் நிறுத்தப் பயிற்றுநர்கள் தயங்குகின்றனர். அவர் தவறு செய்து கற்றுக்கொள்வதற்குச் சிறிய அணிகளும் கீழ்நிலை லீக்குகளும் வேண்டியிருக்கின்றன.

நெதர்லாந்தின் வேர்ஜில் வான் டைக் நடந்து வந்த பாதையைப் பாருங்கள். 1991இல் பிறந்த அவர், வில்லெம் II என்ற கழகத்தின் இளையோர் அணியில் ஆடிய காலத்தில் தம் ஊரான பிரேடாவில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவிச் செலவுக்குப் பணம் தேடினார். அந்தக் கழகம் அவருக்குத் தொழில்முறை ஒப்பந்தம் கொடுக்காத நிலையில், 2010இல் குரோனிங்கன் கழகம் மாற்றுக் கட்டணம் எதுவுமின்றி அவரை எடுத்துக்கொண்டது. 2012இல் குடல்வால் அழற்சி முற்றி உயிருக்கே ஆபத்து வந்தது. 2013இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரக் கழகமான செல்ற்றிக், 2015இல் இங்கிலாந்தின் சவுத்ஹாம்டன் எனப் படிப்படியாக நகர்ந்தவருக்குத் தேசிய அணியில் முதல் ஆட்டம் கிடைத்தது 24 வயதில்தான். 2018 ஜனவரியில், 26 வயதில், லிவர்பூல் அவரை 75 மில்லியன் பவுணுக்கு வாங்கியபோது அது பின்கள வீரர் ஒருவருக்கு அதுவரை கொடுக்கப்பட்ட ஆகக்கூடிய தொகையாக இருந்தது. 2019இல், ஆண்டின் சிறந்த வீரருக்கான பலோன் டோர் விருதில் மெஸ்ஸிக்கு அடுத்த இடத்துக்கு வந்தார். லிவர்பூலுக்கு முந்திய அந்த ஏழு ஆண்டுகளில்தான் பின்கள வீரர் ஒருவர் உருவானார் என்பது என் எண்ணம். குரோனிங்கனிலும் கிளாஸ்கோவிலும் வாராவாரம் ஆடியதால் வந்த நிதானத்தை எந்தப் பயிற்சிக்கூடமும் அவருக்குக் கொடுத்திருக்க முடியாது.

2019 ஓகஸ்டில் அந்தத் தொகையை 80 மில்லியன் பவுணால் முறியடித்த ஹரி மகுவயரும் இங்கிலாந்தின் மூன்றாம் நிலை லீக்கில் ஷெஃபீல்ட் யுனைற்றெட் அணிக்காக மூன்று பருவங்கள் ஆடியவர். அவரைக் கேலி செய்து காணொளி வெளியிடுவோர் இதை நினைப்பதில்லை.

விதிவிலக்குகளும் உண்டு. ஏ.சி. மிலானின் பாவ்லோ மால்டீனி 1985இல் 16 வயதிலேயே இத்தாலியின் முதல்நிலை லீக்கில் களமிறங்கி, 2009 வரை அதே கழகத்துக்கு 902 ஆட்டங்கள் ஆடினார். ஐந்து முறை ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றார். அவற்றில் கடைசியை 2007இல் கைப்பற்றியபோது அவருக்கு வயது 38. எனக்கு அவருடைய தொடக்கத்தைவிட அந்த முடிவே முக்கியமாகப் படுகிறது. வலது காலையே இயல்பாகப் பயன்படுத்தும் அவர் நீண்ட காலம் இடது ஓரத்தில் ஆடினார். வேகம் குறையக் குறைய நடுவுக்கு நகர்ந்து, பந்து எங்கே வரப்போகிறது என்பதை முன்கூட்டியே கணித்து அங்கே போய் நின்றுகொண்டார். ஓட்டத்தை நம்பியிருக்கும் ஓர முன்கள வீரருக்கு முப்பதைத் தாண்டினால் தொழில் தளரத் தொடங்குகிறது. நடுப் பின்கள வீரருக்கோ 27இலிருந்து 33 வரையான காலமே பெரும்பாலும் செழிப்பான காலம். இத்தாலியின் பின்கள வீரர் ஃபாபியோ கன்னவாரோ 2006இல், 32 வயதில்தான் உலகக் கிண்ணத்தை ஏந்தி அதே ஆண்டில் பலோன் டோர் விருதையும் பெற்றார். அவருடைய உயரம் ஏறத்தாழ ஐந்தடி ஒன்பது அங்குலம் மட்டுமே. தங்கள் மகன் உயரமில்லை என்று யாரேனும் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

புகழிலும் பணத்திலும் வேறுபாடு வெளிப்படையானது. 1956 முதல் வழங்கப்படும் ஆண்களுக்கான பலோன் டோர் விருதைப் பின்கள வீரர்களாகப் பெற்றவர்கள் பெக்கன்பவர், சமர், கன்னவாரோ ஆகிய மூவரே. முன்கள வீரர் நெய்மாரை வாங்க 2017இல் 222 மில்லியன் யூரோ கொடுக்கப்பட்டது. பின்கள வீரர் எவரையும் வாங்க அதன் பாதி கூடக் கொடுக்கப்பட்டதில்லை.

வேலையின் இயல்பும் மாறிவிட்டது. 1992இல், சக வீரர் காலால் திருப்பி அனுப்பும் பந்தைக் கோல் காப்பாளர் கையால் பிடிக்கக்கூடாது என்ற விதி வந்தது. அதுவரை நெருக்கடி வந்தால் பந்தைப் பின்னே தட்டிவிட்டு மூச்சுவிட்ட பின்கள வீரர்கள், அன்றிலிருந்து பந்தைக் காலில் வைத்துச் சிந்திக்க வேண்டியவர்களாயினர். 2019இல் கோல் உதையைத் தண்டனைப் பகுதிக்குள்ளேயே சக வீரர் பெற்றுக்கொள்ளலாம் என்றும் ஆயிற்று. இப்போது பெரிய கழகங்கள் நடுப் பின்கள வீரரிடம் எதிர்பார்ப்பது, முன்பு நடுக்கள வீரரிடம் எதிர்பார்த்த அளவு பந்துப் பரிமாற்றத் திறனை. ‘அடித்து வெளியே தள்ளு’ என்று கோட்டுக்கு வெளியே நின்று கத்தும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இந்த மாற்றத்தை இன்னும் மன்னிக்கவில்லை. ஆபத்தான நேரத்தில் அவர்கள் சொல்வதும் சரிதான்.

உடல் கொடுக்கும் விலையைப் பெற்றோர் தெரிந்திருக்க வேண்டும். வான் டைக் 2020 ஒக்டோபரில் முழங்கால் தசைநார் அறுந்து அந்தப் பருவத்தின் எஞ்சிய பகுதி முழுவதையும் இழந்தார். இத்தாலியின் ஃபிராங்கோ பரேசி 1994 உலகக் கிண்ணத்தில் நோர்வேக்கு எதிரான ஆட்டத்தில் முழங்கால் குருத்தெலும்பு சிதைந்து சத்திரசிகிச்சை செய்துகொண்டு, மூன்றரை வாரத்தில் இறுதியாட்டத்துக்குத் திரும்பினார். பிரேசிலை 120 நிமிடங்கள் கோல் அடிக்கவிடாமல் நிறுத்திய அவர், முடிவில் தம் பெனல்டியை வெளியே அடித்தார். பலருக்கு நினைவிருப்பது அந்தப் பெனல்டி மட்டுமே.

இவற்றைவிடக் கவலை தருவது தலை. கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்கொட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்களை ஆராய்ந்து, அவர்கள் நரம்புச் சிதைவு நோய்களால் இறக்கும் வாய்ப்பு பொதுமக்களைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு என்று 2019இல் வெளியிட்டனர். 2021இல் வந்த தொடர் ஆய்வில், அத்தகைய நோய்க்கான ஆபத்து பின்கள வீரர்களிடமே ஆக அதிகமாக, ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது. பந்தைத் தலையால் முட்டத் தேவையில்லாத கோல் காப்பாளர்களிடம் அந்த மிகை காணப்படவில்லை. ஆய்வுக்கு உட்பட்டோர் பழைய தலைமுறையினர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எனினும் இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம் 2021இல், பயிற்சியில் வாரத்துக்குப் பத்துக்கு மேல் வலுவான தலைமுட்டுகள் வேண்டாம் என அறிவுறுத்தியது. நானும் சிறு வயதினருக்கு இலேசான பந்தால் நின்ற இடத்திலிருந்தே அதைப் பழக்குகிறேன். தங்கள் மகனின் பயிற்றுநரிடம் இதுபற்றித் தயங்காமல் கேளுங்கள்.

இனித் திருகோணமலைக்கு வருகிறேன். ஏகாம்பரம் மைதானத்திலும் மக்கெய்சர் விளையாட்டரங்கிலும் கடற்கரை மணலிலும் நான் கண்ட சிறுவர்களிடம் திறமைக்குக் குறைவில்லை. மணலில் ஓடி வளர்ந்த கால்களின் வலிமையும், கச்சான் காற்று திசைமாற்றும் உயரப் பந்தைக் கணிக்கும் கண்ணும் பணம் கொடுத்து வாங்க முடியாதவை. இங்கே இல்லாதது, குரோனிங்கனில் வான் டைக்குக்குக் கிடைத்த அந்த ஆண்டுகள். எங்கள் சுற்றுப்போட்டிகளில் பல விலகல் முறையிலானவை. ஓர் ஆட்டம் தோற்றால் பை கட்ட வேண்டியதுதான். அவற்றிலும் ஒரு பகுதி அணிக்கு எழுவர் கொண்டவை. எழுவர் ஆடும் ஆட்டத்தில் வேகமும் கால் வித்தையும் வளரும்; ஆனால் நால்வர் ஒரே கோட்டில் நின்று ஒருவர் குரலுக்கு மற்றவர் அசைந்து, எதிரணி முன்கள வீரரைத் தங்கள் கோட்டுக்குப் பின்னால் விட்டு ஓஃப்சைட் ஆக்கும் கலை அங்கே வளராது. மாரி தொடங்கியதும் மைதானங்கள் நீரில் கிடப்பதால் ஆண்டின் இறுதி மாதங்களும் கைநழுவுகின்றன. இதனால் முன்களத்தில் ஆடும் ஒரு பையன் இரண்டு நல்ல சுற்றுப்போட்டிகளில் தன்னைக் காட்டிக்கொள்ள முடிகிறது. பின்களத்தில் ஆடுபவனுக்கு அது போதாது.

இலங்கையில் முழுநேரத் தொழில்முறை வாழ்வு என்பதே அரிது. தரைப்படை, கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளில் சேர்பவருக்கு நிலையான சம்பளமும் ஒழுங்கான பயிற்சியும் கிடைக்கின்றன. எமது பகுதிக் குடும்பங்கள் பல அந்தத் தெரிவை எவ்வாறு பார்க்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கொழும்புக் கழகங்களில் ஆடுவோரில் பெரும்பாலோருக்கு வேறொரு வேலையும் தேவைப்படுகிறது. சிலர் மாலைதீவுக் கழகங்களுக்குச் சென்று ஆடியிருக்கின்றனர். 2023 ஜனவரியிலிருந்து ஓகஸ்ட் வரை உலக உதைபந்தாட்ட அமைப்பான பீஃபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியிருந்தபோது தேசிய அணிக்குச் சர்வதேச ஆட்டங்களே இல்லாமற்போயின. அண்மைக் காலத்தில் தேசிய அணி வெளிநாட்டில் வளர்ந்த வீரர்களைத் தேடிச் சேர்க்கிறது. பின்களத்தில் ஆடும் குளோடியோ கம்மர்க்னெஹ்ட் ஜேர்மனியின் மூன்றாம் நிலை லீக்கில் டைனமோ ட்ரெஸ்டன் அணிக்காக ஆடியவர். மூன்றாம் நிலைதானே என்று எண்ண வேண்டாம். அங்கே ஒரு பருவத்துக்கு 38 லீக் ஆட்டங்கள். எங்கள் பையன் ஒருவன் முழு மைதானத்தில் அத்தனை போட்டி ஆட்டங்களை ஆடி முடிக்க எத்தனை ஆண்டுகள் பிடிக்கும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

ஆகவே என் யோசனை இதுதான். பதினைந்து வயதில் அவனைத் தேறியவன் என்றோ தேறாதவன் என்றோ தீர்மானிக்க வேண்டாம். இருபது, இருபத்தொன்று வரை பொறுத்திருங்கள். அதுவரை பதினொருவர் ஆடும் ஆட்டங்கள் எங்கெல்லாம் கிடைக்கின்றனவோ, கிண்ணியாவானாலும் மூதூரானாலும் மட்டக்களப்பானாலும், அங்கெல்லாம் ஆடவிடுங்கள். ஓராண்டு நடுக்களத்தில் ஆடினாலும் நல்லது. பந்துப் பரிமாற்றம் பழகும். இடது காலைப் பயன்படுத்தத் தெரிந்த பின்கள வீரருக்கு எங்கும் தேவை உண்டு. அடுத்த ஆட்டத்தில் பந்தைப் பார்க்காமல் அவனை மட்டும் பாருங்கள்: பந்து மறுமுனையில் இருக்கும்போது அவன் நிற்கும் இடத்தை மாற்றிக்கொண்டும், தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டும், பக்கத்தில் நிற்பவனுக்குக் குரல் கொடுத்துக்கொண்டும் இருந்தால் அவனிடம் ஏதோ இருக்கிறது.

சாதாரண தரப் பரீட்சையை விட்டுவிட்டு எந்தப் பயிற்சிக்கூடத்துக்கும் அனுப்ப வேண்டாம். 18 வயதுக்கு உட்பட்டவர்களை நாடுவிட்டு நாடு மாற்றுவதைச் சில விதிவிலக்குகள் தவிர பீஃபாவின் விதிகள் தடை செய்கின்றன. எனவே ஐரோப்பாவில் தெரிவு ஆட்டம் ஏற்பாடு செய்கிறேன், முற்பணம் தாருங்கள் என்று இந்த வயதில் யாராவது தொலைபேசியில் அழைத்தால், விதிவிலக்கில் எது தங்கள் மகனுக்குப் பொருந்துகிறது என்றும், அழைப்பவருடைய பீஃபா முகவர் உரிம எண் எது என்றும் கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.