சமுதாயக் கல்லூரியில் கற்றல் பேறுகளைத் தனியாக மதிப்பிட வேண்டுமா, சித்தி வீதம் போதாதா?

போதாது என்பதே என் பதில். கற்றல் பேறு என்று நான் சொல்வது, பாடத்தைப் படித்த பிள்ளையால் எதைச் செய்ய முடிய வேண்டும் என்பதை. சமுதாயக் கல்லூரி என்பது அமெரிக்காவில் உள்ளதைப் போன்ற, பாடசாலைக்குப் பின் ஈராண்டுப் படிப்பும் தொழிற்பயிற்சியும் தரும் கல்லூரி. நான் யாழ்ப்பாணத்தில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்னிணைப்புப் பாடம் கற்பிக்கிறேன். எங்கள் நிலையங்களுக்குச் சமுதாயக் கல்லூரி என்ற பெயர் இல்லையே தவிர, சாதாரண தரத்தோடு நின்ற பிள்ளைகள், உயர்தரம் முடித்துப் பல்கலைக்கழக அனுமதி கிடைக்காதவர்கள், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் என்று வந்து சேர்பவர்கள் பெரும்பாலும் நீங்கள் சொல்லும் கல்லூரிகளுக்கு வருபவர்களைப் போன்றவர்களே.

ஒரு பிள்ளை 62 புள்ளி எடுத்திருக்கிறாள் என்றால் அதில் எழுத்துப் பரீட்சையும் ஒப்படையும் செய்முறையும் வரவும் கலந்திருக்கும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு அவளுக்கு எது வரும், எது வராது என்று சொல்ல முடியாது. எங்கள் பாடத்தின் ஒரு பேற்றை எடுத்துக்கொள்ளுங்கள்: வீட்டு மின்சுற்றொன்றை இணைத்து, மின் கொடுப்பதற்கு முன் சோதித்து, பெறுபேற்றைப் பதிவு செய்தல். இணைக்கும் வேலையைப் பெரும்பாலான பிள்ளைகள் அழகாகவே செய்வார்கள். சோதனையில்தான் வேறுபாடு தெரியும். பயிற்சிப் பலகையில் ஒரு வயரின் உறையை முன்கூட்டியே நசுக்கி வைத்துவிட்டு, மெகரை, அதாவது வயரின் உறை மின்கசிவை எவ்வளவு தடுக்கிறது (காவலித் தடை) என்று அளக்கும் கருவியை, அவர்கள் கையில் கொடுப்பேன். 500 வோல்ட் நேரோட்டத்தில் காவலித் தடை 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் மின் கொடுக்கக்கூடாது என்று எல்லாருமே பரீட்சைத் தாளில் எழுதியிருப்பார்கள். ஆனால் பலகைக்கு முன்னால் நிற்கும்போது, சிலர் அந்தக் குறைந்த வாசிப்பைத் தாளில் ஒழுங்காகக் குறித்துவிட்டு அடுத்த வேலையைத் தொடங்குவார்கள், வேறு சிலர் கையை எடுத்துவிட்டுச் சுற்றைப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பிழையைத் தேடுவார்கள். இந்த இரண்டு பேருக்கும் முடிவில் ஒரே புள்ளி கிடைக்குமானால் நாங்கள் எதையும் அளக்கவில்லை என்றே நான் கருதுகிறேன், ஏனென்றால் முதலாமவர் நாளை ஒருவருடைய வீட்டில் 230 வோல்ட் கொடுக்கப் போகிறவர்.

ஆகவே புள்ளித்திட்டத்தில் ‘நன்று’, ‘திருப்தி’ என்று எழுதாமல், கண்ணால் காணக்கூடிய செயலை எழுதுங்கள். ‘உதவியின்றிச் சோதித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார்’, ‘சோதித்தார், வாசிப்பை விளக்க முடியவில்லை’, ‘சோதிக்காமலே மின் கொடுக்க முனைந்தார்’ என்ற மூன்று படிகளே போதும். அதன்பின் இரண்டு போதனாசிரியர்கள் ஒரே பிள்ளையின் வேலையைத் தனித்தனியாகப் பார்த்துப் படியிட்டு, பிறகு ஒப்பிட வேண்டும். இருவரும் வேறுபட்டால் பெரும்பாலும் படியை விவரிக்கும் வசனத்தில்தான் தெளிவு போதாமல் இருக்கும்.

மொழி பற்றியும் சொல்லியாக வேண்டும். எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது இதுதான். இலங்கையின் தேசிய தொழிற் தகைமையில் 1 முதல் 4 வரையான மட்டங்கள் சான்றிதழ், 5 உம் 6 உம் டிப்ளோமா, 7 பட்டம். மேலே போகப் போக ஆங்கிலத்தின் பங்கு கூடுகிறது. பிழையைக் கண்டுபிடித்துத் தமிழில் தெளிவாக விளக்கக்கூடிய பிள்ளை, அதையே ஆங்கில அறிக்கையாக எழுதச் சொன்னால் இரண்டு வரியோடு நின்றுவிடுகிறான். ஆங்கிலம் அவனுக்குத் தேவைதான், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அதை வேறொரு பேறாக வைத்து வேறாக அளக்க வேண்டும். மின்சுற்றைப் பற்றிய பேற்றுக்கு அவன் வாயால் சொல்லும் விளக்கத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பாடநெறியே படிக்காத அனுபவசாலிகளைக்கூட, முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில், பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் வேலையைச் செய்து காட்டச் சொல்லிப் பார்த்துத் தகைமைக்குப் பரிந்துரைக்கும் ஏற்பாடு எங்களிடம் இருக்கிறது. வகுப்பையும் வரவையும் விட்டுவிட்டுப் பேற்றை மட்டும் அளக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளுக்கு 2002 இன் தர அங்கீகார நியமங்கள் கற்றல் பேறுகளை அளப்பதைக் கட்டாயமாக்கின. அங்கும் இங்கும் உள்ள ஆபத்து ஒன்றே: அங்கீகாரத்துக்காகப் படிவம் நிரப்பி அலுமாரியில் வைத்துவிடுவது. இந்தப் பெறுபேறுகளை ஆசிரியரின் பதவி உயர்வோடு முடிச்சுப் போட்டுவிடாதீர்கள், போட்டால் எல்லாப் பிள்ளைகளும் எல்லாம் தெரிந்தவர்களாகவே படிவத்தில் தோன்றுவார்கள். இடையில் வெளிநாடு போனவர்களையும் வேலைக்காக நின்றவர்களையும் கணக்கிலிருந்து அழித்துவிடாமல், நின்ற நாள்வரை எந்தப் பேறுகளை அடைந்திருந்தார்கள் என்று பதிந்து வையுங்கள்.

தொடங்குவதற்கு ஒரு பாடத்தில் ஒரே ஒரு பேறு போதும். எந்தப் படியில் பலர் தேங்கி நிற்கிறார்கள் என்று பாருங்கள். எங்கள் பிள்ளைகள் வாசிப்பை விளக்கும் இடத்தில் தேங்கியதால், மெகர் பயிற்சியைப் பாடநெறியின் கடைசியிலிருந்து எடுத்து முதலாவது இணைப்பு வேலையோடு சேர்த்தோம். அடுத்த அணியையும் அதே தாளில், அதே படிகளில், முடியுமானால் அந்த அணிக்குக் கற்பிக்காத ஒருவரைக் கொண்டு அளவிடுங்கள்.