புளோரிடா செலவு: வாடகையை விடக் காப்புறுதியைப் பாருங்கள்

ஐயா, ஒண்டாரியோவிலிருந்து குளிருக்கு 4 மாதம் புளோரிடா போய்வரும் நீங்கள், இந்த முறை செலவு கட்டுப்படியாகாது போலிருக்கிறது, இரத்த அழுத்த மருந்தும் மாறியிருக்கிறது, போவதா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

டாலர் விஷயம் நம் கையில் இல்லை. 2012இல் கனடிய டாலரும் அமெரிக்க டாலரும் கிட்டத்தட்டச் சமம். இப்போது நம் டாலருக்கு எழுபது சென்ட் சொச்சம்தான்.

ஆனால் மருந்து மாறியதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பல பயணக் காப்புறுதிகளில், கிளம்புவதற்கு முந்தைய 90 அல்லது 180 நாளில் மருந்தின் அளவைக் குறைத்தால்கூட நோய் நிலையாக இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் அந்த நோய்க்கான பில் உங்கள் தலையில். ஒண்டாரியோ அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப்பை நம்ப முடியாது. வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளுக்கு அதிகபட்சம் 400 கனடிய டாலர்தான் தரும். பயணக் காப்புறுதி விண்ணப்பத்தில் மருந்தை மறைக்காமல் எழுதுங்கள். முதல் சில ஆயிரம் டாலரை நாமே கட்டும் திட்டத்தை எடுத்தால் கட்டணம் இறங்கும்.

சரி, வாடகை. ஜனவரி முதல் மார்ச் வரைதான் உச்சம். நானாக இருந்தால் நவம்பரில் போய் ஆறு வாரத்தில் திரும்பிவிடுவேன். மிச்சக் குளிருக்கு இங்கே வீட்டில் பனி அள்ள ஆள் வைத்தாலும் அது மலிவு. மருந்து மாறிய தேதியிலிருந்து உங்கள் காப்புறுதி சொல்லும் அந்த 90 அல்லது 180 நாள் கணக்கு முடிந்த பிறகே டிக்கெட் போடுங்கள்.