தலை வளையும், வால் வளையாது

கேள்வி: 1969-இல் தொடங்கி 1969-இலேயே முடிகிற வர்க்க எண் உண்டா? நான் பிறந்த வருஷம் அது. எக்செல்லில் 1 லட்சம் வரை எல்லா எண்ணையும் வர்க்கமாக்கிப் பார்த்துவிட்டேன், இல்லை. மனைவி பிறந்த 1973-க்கும் இதே கதை. இல்லவே இல்லை என்று முடிவு கட்டிவிடலாமா?

பதில்: மனைவி விஷயத்தில் கட்டிவிடலாம். உங்கள் விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டீர்கள். 44,38,063-ஐ அதே எண்ணால் பெருக்குங்கள்: 19696403191969. இருப்பதிலேயே சின்னது இதுதான். எக்செல் ஷீட்டில் மொத்தமே 10,48,576 வரிகள், அதனால் அடிவரை இழுத்துவிட்டிருந்தாலும் வெறுங்கையோடுதான் திரும்பியிருப்பீர்கள்.

1973-க்கு எக்செல்லே வேண்டாம். எந்த வர்க்கமும் 2, 3, 7, 8-இல் முடியாது. 0 முதல் 9 வரை பெருக்கிப் பார்த்தால் இரண்டு நிமிஷத்தில் தெரிகிற விஷயம், அதற்குப் போய் ஒரு லட்சம் வரி! தலையில் மட்டும் 1973 இருந்தால் போதும் என்று வீட்டில் ஒப்புக்கொண்டால் 4442-இன் வர்க்கத்தைக் கொடுங்கள், 19731364. தலை எப்போதுமே சொன்னபடி கேட்கும்: கேட்ட எண்ணுக்குப் பின்னால் நாலைந்து சைபர் போட்டு வர்க்கமூலம் எடுத்து, அடுத்த முழு எண்ணுக்குப் போக வேண்டியதுதான்.

வம்பு எல்லாம் வாலில். அதனால் வாலிலிருந்து தொடங்குங்கள். 63-இன் வர்க்கம் 3969. 969 வந்துவிட்டது, ஆயிரமிடத்தில் மட்டும் 1-க்குப் பதில் 3. சரி, 63-உடன் 500, 500 ஆகக் கூட்டிக்கொண்டே போங்கள்: 563, 1063, 1563... வர்க்கத்தில் 969 அசையாது, ஆயிரமிடம் மட்டும் 3, 6, 9, 2, 5, 8, 1 என்று மூன்றாம் வாய்ப்பாடு மாதிரி ஓடும். 1 வருகிற இடம் 3063, வர்க்கம் 9381969. அதற்கப்புறம் 5000, 5000 ஆக எத்தனை முறை கூட்டினாலும் கடைசி நாலு இலக்கமும் அப்படியே நிற்கும். இதேபோல 687, 1937, 4313 என்று இன்னும் மூன்று எண்கள் உண்டு.

இனி தலை. 1 லட்சத்துக்குள் 1969-இல் தொடங்கும் வர்க்கம் தருகிற எண்கள் மொத்தமே 15. அதில் ஒன்றுக்கும் நமக்கு வேண்டிய வால் இல்லை. ஏழு இலக்கத்துக்குப் போனால் 44,37,342 முதல் 44,38,468 வரை ஆயிரத்துச் சொச்சம் எண்கள் ஒரே வரிசையில் கிடைக்கின்றன, 3063 அங்கே வந்து மாட்டுகிறது.

தம்பி யாராவது 1981-இல் பிறந்திருந்தால் அவரிடம் இதைக் காட்டாதீர்கள். 1981 பார்க்க நல்ல வால்தான், 9-இன் வர்க்கமே 81. ஆனால் ஒற்றைப்படை வர்க்கத்தில் 1-ஐக் கழித்தால் மிச்சம் 8-ஆல் மீதியில்லாமல் வகுபட்டாக வேண்டும். கடைசி மூன்று இலக்கத்தை வைத்தே பார்த்துவிடலாம். உங்கள் 968 வகுபடும், தம்பியின் 980 வகுபடாது. 1961-இல் பிறந்த அண்ணன் என்றால் 960, பிரச்சினையே இல்லை. அவருக்கான எண்ணை நீங்களே கண்டுபிடியுங்கள், 14 லட்சத்தைத் தாண்டியதும் இருக்கிறது.